வாளியும் தராசும் ஒரே கையில்

பால் கொட்டகையில் தராசைப் பிடிக்கும் கிராணியே மரம் சீவி வாளியோடு வந்து நின்றால், அந்தப் பாலை யார் நிறுப்பது? கிள்ளானில் 2006ஆம் ஆண்டு எழுந்த கேள்வி இதுதான்.

டத்தோ ஜக்காரியா முகமட் டெரோஸ் ஒரு காலத்தில் ரயில்வே கேட் காவலர். பின்னர் கிள்ளான் துறைமுகத் தொகுதியின் சட்டமன்ற உறுப்பினர். கூடவே கிள்ளான் நகராண்மைக் கழகத்திலும் உறுப்பினர். மகனும் மருமகளும் அதே கழகத்தில்! பண்டமாரானில் அவர் எழுப்பிய மாளிகைக்குக் கழகம் அனுமதித்த வரைபடமில்லை. பழைய வீட்டுக்கோ 12 ஆண்டு மதிப்பீட்டு வரி கட்டவில்லை. நாம் ஒரு தவணை தவறினாலே நோட்டீஸ் வருகிறதே! மூன்று நாற்காலி உள்ள குடும்பத்தின் வாசலுக்கு எந்தச் சிப்பந்தி துணிந்து நோட்டீஸ் கொண்டுபோவார்?

சட்டம் இல்லாமலில்லை. தனக்கோ குடும்பத்துக்கோ ஆதாயமுள்ள விஷயம் கூட்டத்துக்கு வந்தால், உறுப்பினர் அதைச் சொல்லிவிட்டு ஒதுங்கவேண்டும் என்கிறது 1976ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டம். கூட்டத்துக்கே வராத கோப்பை என்ன செய்வது?

வாக்குப் போட்டு மாற்றலாமென்றால் அதுவும் முடியாது. ஊராட்சித் தேர்தல் 1965இல் நிறுத்தப்பட்டது. உறுப்பினர்களை மாநில அரசே நியமிக்கிறது. பிரிக்பீல்ட்ஸ்காரர்களுக்கு அந்த உறுப்பினரும் இல்லை; கோலாலம்பூர் நகரம் நியமிக்கப்பட்ட டத்தோ பண்டாரின் பொறுப்பு.

பத்திரிகைகள் விடவில்லை. அவ்வாண்டே ஜக்காரியா கழகப் பதவியை விட்டார். சட்டமன்றப் பதவியை விடவில்லை.