750-இல் எழுந்து மறைந்த மேடு

2015 டிசம்பர் 15 அன்று, ஜெனீவாவை ஒட்டிய செர்ன் ஆய்வுக்கூடத்தில் இரண்டு குழுக்கள் தத்தம் வரைபடங்களைக் காட்டின. புரோட்டான்கள் மோதியபோது இரண்டு ஃபோட்டான்கள் சேர்ந்து கிளம்பிய நிகழ்வுகளைப் பொறுக்கியெடுத்திருந்தார்கள். அந்த ஜோடி ஒரே துகள் சிதைந்து வந்ததாக இருந்தால் அத்துகளின் நிறை என்னவாக இருந்திருக்கும் என்று, ஃபோட்டான்களின் ஆற்றலையும் திசையையும் வைத்துக் கணக்கிட்டிருந்தார்கள். நிறை கூடக்கூட நிகழ்வுகளின் எண்ணிக்கை சீராகக் குறைய வேண்டும். அட்லஸ் குழுவின் வரைபடத்தில் 750 ஜிகா எலக்ட்ரான் வோல்ட் அருகே அது சற்றே மேடிட்டிருந்தது; சிஎம்எஸ் குழுவினதில் 760 அருகே. அது துகள்தான் என்றால் ஹிக்ஸ் போசானைப் போல ஆறு மடங்கு கனமானது. இன்று ஏற்கப்பட்டிருக்கும் துகள் கோட்பாட்டில் அதற்கு இடமே கிடையாது. அதை விளக்க 500-க்கும் மேற்பட்ட ஆய்வுக் கட்டுரைகள் எழுதப்பட்டன. 2016 ஆகஸ்ட் 5 அன்று சிகாகோ மாநாட்டில், முந்தையதைவிடச் சுமார் நான்கு மடங்கு புதிய தரவுடன் வந்த இரு குழுக்களும் அங்கே எதுவும் இல்லை என்று அறிவித்தன.

இதைத் தோல்வி என்று எழுதியவர்கள் உண்டு. என் பார்வையில் இது ஒரு விதி சரியாக வேலை செய்த கதை. பின்னணி நிகழ்வுகளின் தற்செயலான ஏற்றம் அத்தகைய மேட்டை உண்டாக்க 35 லட்சத்தில் ஒரு வாய்ப்பு மட்டுமே இருக்கும்போதுதான் துகள் இயற்பியலில் கண்டுபிடிப்பு என்ற சொல்லைப் பயன்படுத்துவார்கள். இதை ஐந்து சிக்மா என்பர். 2015-இல் அட்லஸ் பெற்றது 3.6 சிக்மா, சிஎம்எஸ் பெற்றது 2.6. இனி நான்கு ஆண்டுகள் பின்னே போவோம். 2011 டிசம்பர் 13 அன்று அதே ஆய்வுக்கூடத்தில் இதே குழுக்கள் ஹிக்ஸைத் தேடிக் காட்டிய முடிவுகளில், 126 அருகே அட்லஸுக்குக் கிடைத்தது 3.6 சிக்மா, 124 அருகே சிஎம்எஸுக்கு 2.6. முதல் மேடு தரவு சேரச்சேர வளர்ந்து 2012 ஜூலை 4-இல் ஹிக்ஸ் போசானாக அறிவிக்கப்பட்டது. இரண்டாவது கரைந்து போனது. எண்களை மட்டும் பார்த்து எது துகள், எது தற்செயல் என்று எவராலும் சொல்லியிருக்க முடியாது.

3.6 சிக்மா என்றால் ஏறத்தாழ 6,000-இல் ஒரு வாய்ப்பு. கேட்கும்போது உறுதியாகத்தான் தோன்றும். ஆனால் இந்தக் கணக்கு 750 என்ற ஒரே இடத்துக்கானது. தேடியதோ நூற்றுக்கணக்கான ஜிகா எலக்ட்ரான் வோல்ட் நீளம் முழுவதும். ஆயிரம் பேர் ஆளுக்குப் பத்து முறை நாணயம் சுண்டினால், யாரோ ஒருவருக்குப் பத்தும் தலையாகவே விழுவதில் வியப்பில்லை. எங்கு வேண்டுமானாலும் மேடு எழலாம் என்பதையும் சேர்த்துக் கணக்கிட்டால் அட்லஸின் 3.6 வெறும் 2 சிக்மாவாகச் சுருங்கியது. அதாவது 44-இல் ஒரு வாய்ப்பு. கனத் துகள் தேடலில் இந்த ஆபத்து இன்னும் அதிகம். 27 கிலோமீட்டர் வளையத்தில் 13 டெரா எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலில் புரோட்டான்களை மோதவிட்டாலும், உண்மையில் முட்டிக்கொள்வது அவற்றுக்குள் இருக்கும் குவார்க்குகளும் குளுவான்களும்தான். புரோட்டானின் ஆற்றலில் ஒரு பங்கையே அவை சுமக்கின்றன. எனவே நிறை ஏறஏற நிகழ்வுகள் அருகிப்போகின்றன. அந்த மேட்டில் இருந்தவற்றை விரல்விட்டு எண்ணிவிடலாம். அவ்வளவு சிறிய எண்ணிக்கையில் சில நிகழ்வுகள் கூடுவதும் குறைவதும் இயல்பு.

தனித்தனியே இயங்கும் இரண்டு கருவிகள் ஏறத்தாழ ஒரே இடத்தில் கண்டது வலுவான சான்று இல்லையா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. 2015-இன் பரபரப்புக்கு முக்கியக் காரணமே அதுதான். ஆனால் சிஎம்எஸ் கண்டதை அப்படியே பரந்த கணக்கில் வைத்தால் 1.2 சிக்மாதான் தேறியது. 2011-இல் இன்னொரு ஆதாரமும் துணை நின்றது: ஹிக்ஸ் இரண்டு ஃபோட்டான்களாக மட்டுமின்றி, நான்கு லெப்டான்களாகச் சிதையும் வழியிலும் அதே நிறையை ஒட்டிச் சில நிகழ்வுகள் தென்பட்டன. 750-க்கு அப்படி வேறொரு வழியிலிருந்து ஆதரவு கிடைக்கவில்லை.

இவ்வளவு கண்டிப்பு உண்மையான துகளையும் தவறவிட்டுவிடாதா என்பது அடுத்த ஐயம். விடாது. விதி தடுப்பது அவசர அறிவிப்பைத்தான், தேடலை அல்ல. துகள் உண்மையானால் தரவு நான்கு மடங்காகும்போது சிக்மா ஏறத்தாழ இரட்டிப்பாகும். ஹிக்ஸ் காத்திருக்க வேண்டியிருந்தது ஏழு மாதங்கள்தான். 500 கட்டுரைகளும் வீண் என்பதையும் நான் ஏற்கவில்லை. அத்துகள் இருந்தால் வேறு எந்தெந்தச் சிதைவுகளில் தலைகாட்ட வேண்டும் என்று அவற்றில் பல தெளிவாகச் சொல்லின. பொய்யென்று நிரூபிக்க இடம்தரும் கணிப்பு எப்போதும் பயனுள்ளதே. 2018 வரை சேர்ந்த தரவு 2015-இல் கிடைத்ததைப் போல 40 மடங்குக்கும் மேல். அதில் 750-இல் எதுவும் முளைக்கவில்லை. இசட் போசானைப் போலவே வினைபுரியும் கனமான உறவுத் துகள் ஒன்று இருந்தால், அது 5 டெரா எலக்ட்ரான் வோல்ட்டுக்கு மேல்தான் இருக்க முடியும் என்பதும் அதே தரவு தந்த முடிவு. 2022 ஜூலையில் 13.6 டெரா எலக்ட்ரான் வோல்ட்டில் மோதல்கள் தொடங்கின. அவற்றில் எழும் மேடுகளுக்கும் அளவுகோல் அதே ஐந்து சிக்மாதான்.