பாட்டுப் போடுவதும் பந்தி பரிமாறுவது போலத்தான்!



வீட்டு விசேஷம் என்றாலே இப்போதெல்லாம் பிள்ளைகள் முதலில் கேட்பது, "டிஜே உண்டா?" என்றுதான். வாடகைக்குச் சொன்னால் ஆள் உயரப் பெட்டிகள் வந்து இறங்கும். போன வருடம் உறவினர் வீட்டு விசேஷத்தில் அந்தச் சத்தம் தாங்காமல் பெரியவர்கள் எல்லாரும் வாசலில் போய் உட்கார்ந்துவிட்டார்கள். அதனால் என் பேத்தியின் முதல் பிறந்தநாளுக்கு, "நானே பாட்டுப் போடறேன்" என்று சொல்லிவிட்டேன். "உனக்கு எதுக்கும்மா இந்த வேலை?" என்று சிரித்தார் என் கணவர்.

எனக்கு இருந்த கவலையோ வேறு. மாமா காலமாகி மூன்று வருடமாக எங்கள் வீட்டில் பாட்டுச் சத்தமே இல்லை. ஒரு காலத்தில் இலங்கை வானொலி கேட்காமல் அடுப்புப் பற்ற வைக்காதவர் என் மாமியார். இப்போது ரேடியோவைத் துணி போட்டு மூடிவிட்டார். "குழந்தைக்காகப் போடுங்க, நான் உள்ளே இருந்துக்கறேன்" என்றார். அவரை உள் அறையில் விட்டுவிட்டு நாங்கள் மட்டும் கொண்டாட எனக்கு மனசு வரவில்லை.

இதற்கென்று நான் எதுவும் வாங்கவில்லை. பையனின் லேப்டாப், மகளின் ஸ்பீக்கர், இரண்டையும் இணைக்க ஒரு ஒயர், அவ்வளவுதான். டிஜே சாஃப்ட்வேர் இலவசமாகவே கிடைக்கிறது. திரையில் இரண்டு பாட்டுகள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். ஒன்று முடியும்போது நடுவில் உள்ள பட்டையை நகர்த்தினால் அது மெல்ல அடங்கி, அடுத்தது மேலே வரும். நடுவில் விளம்பரமோ தடங்கலோ வராமல் இருக்கப் பாட்டுகளை முன்பே சேமித்துக்கொண்டேன். எந்தப் பாட்டில் தாளம் எங்கே எடுக்கிறது என்று ஒரு நோட்டில் குறித்து வைத்தேன்.

நிமிடத்துக்கு எத்தனை தட்டு என்று கம்ப்யூட்டரே எண்ணிச் சொல்லிவிடும். 100 தட்டுப் பாட்டும் 104 தட்டுப் பாட்டும் லேசாக இழுத்துப் பிடித்தால் சேர்ந்துவிடும். 90-ஐயும் 130-ஐயும் ஒட்ட வைத்தால் பாட்டே கெட்டுப்போகும். இன்னொன்று, தகதிமி நடையில் போகிற பாட்டோடு தகிட நடைப் பாட்டைச் சேர்த்தால் ஒட்டவே ஒட்டாது. பாட்டு கிளாஸ் போன தோழிகளுக்கு இது சட்டென்று புரியும். பழைய பாட்டுகளின் ஒலி சன்னமாக இருக்கும், அவற்றுக்கு மட்டும் கொஞ்சம் கூட்டி வைக்க வேண்டும்.

பையன் ஒரு விஷயம் சொன்னான். 1973 ஆகஸ்ட் 11 அன்று நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில், பள்ளி திறக்கும் முன் புதுத்துணிக்குக் காசு சேர்க்க சிண்டி கேம்ப்பெல் என்ற பெண் தங்கள் அடுக்குமாடிக் கட்டடத்தின் பொது அறையில் ஒரு விருந்து வைத்தாராம். பாட்டுப் போட்டவர் அவருடைய அண்ணன், டிஜே கூல் ஹெர்க். பாட்டின் நடுவே வெறும் தாளம் மட்டும் வரும் இடத்துக்காகத்தான் ஆடுகிறவர்கள் காத்திருக்கிறார்கள் என்பதைக் கவனித்த அவர், ஒரே இசைத்தட்டில் இரண்டு வைத்துக்கொண்டு அந்த இடத்தையே நீட்டினார். ஹிப்-ஹாப் பிறந்த இடமாக அந்த விருந்தைத்தான் சொல்கிறார்கள். ஆக, மெஷினைவிட எதிரில் இருப்பவர்களின் முகத்தைப் பார்ப்பதுதான் முக்கியம் என்று எனக்குப் பட்டது.

அத்தைக்குத் தெரியாமல் நாத்தனாரிடம் கேட்டு, மாமாவுக்குப் பிடித்த 12 பாட்டுகளை எடுத்து வைத்தேன். "அம்மா அழுதுட்டா என்ன பண்றது?" என்று பயந்தேன். "அழுதா அழட்டும் அண்ணி, அடக்கி வைச்சதுதானே கஷ்டம்" என்றாள் அவள்.

அன்று விருந்தினர் வரும்போது மெல்லிசை. கேக் வெட்டிய பிறகு மூன்று குத்துப்பாட்டு, மூச்சு வாங்க ஒரு மெதுவான பாட்டு, இப்படியே போனது. பிள்ளைகள் களைத்து ஐஸ்கிரீம் பக்கம் ஓடிய நேரம் பார்த்து, ஒலியைக் குறைத்து, எம்.எஸ்.வி. பாட்டு ஒன்றை எடுத்தேன். இரண்டாவது சரணத்தில் உள் அறைக் கதவு திறந்தது. அத்தை வந்து ஸ்பீக்கர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். கண் கலங்கித்தான் இருந்தது. பாட்டு முடிந்ததும், "இதே படத்துல இன்னொண்ணு உண்டே, மாமாவுக்குப் பிடிக்கும். அது வெச்சிருக்கியாம்மா?" என்றார். வைத்திருந்தேன்!

இப்போது சில சாயங்காலங்களில் அவராகவே பாட்டுக் கேட்கிறார். சில நாள் வேண்டாம் என்கிறார். இரண்டுக்கும் சரி என்கிறேன்.

தோழிகளே, ஒன்றை மறக்காதீர்கள். இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணி வரை திறந்த இடத்தில் ஒலிபெருக்கி கூடாது என்பது 2000-ம் ஆண்டிலிருந்தே விதி. வீட்டுக்குள் என்றாலும், பக்கத்து வீட்டில் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளையோ உடம்பு சரியில்லாதவரோ இருப்பார்கள். முன்பே ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். நான் ஒன்பதரைக்கே நிறுத்திவிட்டேன்.

பந்தியில் யார் இலையில் எது குறைகிறது என்று பார்த்துப் பரிமாறுகிறவர்கள் நாம். நமக்கு இது பெரிய வித்தையா என்ன? அடுத்த விசேஷத்துக்கு நீங்களும் செய்து பாருங்களேன்!

— ஒரு வாசகி, மதுரை.