ஆறாயிரம் ரூபாயும் அண்ணன் கையெழுத்தும்!

ஒகேனக்கல் போனால் மூன்று காரியம் செய்யாமல் திரும்பக்கூடாது என்பார்கள். எண்ணெய் தேய்த்துக் குளிக்கணும், மீன் வறுவல் சாப்பிடணும், பரிசலில் ஒரு ரவுண்டு போகணும். முதல் இரண்டையும் முடித்துவிட்டுத் துறைக்குப் போனால், "தண்ணி ஜாஸ்தி சார், இன்னிக்குப் பரிசல் கிடையாது!"

கர்நாடகாவில் அணையைத் திறந்தால் இங்கே பரிசலைக் கவிழ்த்து வைக்க வேண்டியதுதான். கவிழ்த்த பரிசலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தவரிடம் பேச்சுக் கொடுத்தேன்.

"பரிசல் ஓடாட்டி பொழப்புக்கு என்ன பண்ணுவீங்க?"

"ரெண்டு ஏக்கர் மானாவாரி இருக்குதுங்க சார். கடலை, கேழ்வரகு போடறேன்."

கண்ணெதிரே காவிரி கரைபுரள்கிறது. இவர் நிலமோ மேட்டில், வானத்தைப் பார்த்துக்கொண்டு கிடக்கிறது!

பி.காம். படித்த புத்தி சும்மா இருக்குமா? "அப்போ வருஷம் ஆறாயிரம் ரூபா வருமே?" என்றேன்.

"அப்பா இருந்தவரைக்கும் வந்துச்சு சார். அவரு போனாரு, அதுவும் போச்சு."

பி.எம். கிசான் திட்டத்தைத்தான் சொல்கிறார். 2019 பிப்ரவரியில் மத்திய அரசு தொடங்கியது. மூன்று தவணையாக 2,000 ரூபாய், நேராக பேங்க் கணக்குக்கு. கணக்குப் போட்டால் ஒரு நாளைக்கு 16 ரூபாய் சொச்சம். 'ஒரு டீக்குக் காணுமா?' என்று நீங்களும் நானும் சிரிக்கலாம். மானாவாரிக்காரருக்கு அது விதைக்கடலைக் காசு.

ஆனால் பணம் போவது நிலம் யார் பேரில் இருக்கிறதோ அவருக்கு. உழுவது யார் என்று கேட்பதில்லை. குத்தகைக்கு உழுகிறவர் இதில் சேர முடியாது. வருமான வரி கட்டுகிறவருக்கும் கிடையாது.

இதிலும் புகுந்து விளையாடினார்கள். 2020-ல் கொரோனா சமயம், 'நீங்களே பதிவு செய்யலாம்' என்று கதவைத் திறந்தார்கள். அதிகாரிகளின் பாஸ்வேர்டு தரகர்கள் கைக்குப் போனது. தமிழ்நாட்டில் தகுதியில்லாத 5 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் உள்ளே வந்தார்கள். போன பணம் சுமார் 110 கோடி! சி.பி.சி.ஐ.டி. விசாரணை வந்தது. முறைகேடு நடந்த மாவட்டங்களில் தர்மபுரியும் ஒன்று. துண்டு நிலம்கூட இல்லாதவர்களுக்கு ரெண்டாயிரம் போயிருக்கிறது. நிலத்தில் வேகிற நம்ம பரிசல்காரருக்கு இல்லை.

"பட்டாவை உங்க பேருக்கு மாத்திக்க வேண்டியதுதானே?"

தலையைச் சொறிந்தார். "அண்ணன் பெங்களூர்ல ஆபீஸ் உத்தியோகங்க. அவரும் வந்து கையெழுத்துப் போட்டாத்தான் பாகம் பிரிச்சு எம்பேருக்கு மாத்தலாம். பாவம், லீவே கிடைக்கலையாம் சார். மூணு வருஷமா."

'பாவம்' என்று அவர் சொன்னது கிண்டலாகத் தெரியவில்லை. நிஜமாகவே அண்ணனுக்காக வருத்தப்பட்டார். மூணு வருஷம், ஒன்பது தவணை, 18,000 ரூபாய். ஒரு கையெழுத்தின் விலை!

ஆபீஸ் நண்பர்களே, உங்கள் ஊர் நிலத்தை உழுவது யார்? பட்டா இன்னும் அப்பா பேரிலா, தாத்தா பேரிலா? நமக்கு அந்த ஆறாயிரம் வேண்டாம். ஆனால் நம் சோம்பலால் ஊரில் இருக்கும் தம்பிக்கு ஏன் நிற்கணும்? வாரிசுச் சான்றிதழ், பட்டா மாற்றம் என்று தாலுகா ஆபீசுக்கு ரெண்டு நடை நடந்தால் முடிகிற காரியம்.

ரொம்ப உபதேசம் செய்கிறானே என்கிறீர்களா? பஸ் ஏறியதும் நான் செய்த முதல் காரியம், தம்பிக்குப் போன் போட்டதுதான். எங்கள் பட்டாவும் அப்பா பேரில்தான் இருக்கிறது!

"அண்ணா, நீயா? என்ன திடீர்னு?" என்றான் பதறிப்போய்.

திங்கட்கிழமை தாலுகா ஆபீசில் இருப்பேன்.