மிளகாய் இலை சுருண்டால் மவுஸைப் பிடியுங்கள்

கம்ப்யூட்டர் வாங்கியாகிவிட்டது. கேம்ஸ் விளையாடிப் பார்த்தாயிற்று, பாட்டும் கேட்டாயிற்று. அடுத்து என்ன செய்யலாம் என்று கேட்பவர்களில், வீட்டில் நாலு தொட்டிச் செடியாவது வைத்திருப்பவர்கள் மேலே படியுங்கள்.

என் மொட்டை மாடியில் 12 தொட்டிகளில் மிளகாய் இருக்கிறது. ஒரு வாரத்திற்குள் 6 செடிகளில் நுனி இலைகள் சுருண்டுவிட்டன. எட்டிப் பார்த்த பக்கத்து வீட்டுக்காரர், "இது வைரஸ் சார். பிடுங்கிப் போட்டுடுங்க, இல்லாட்டி எல்லாத்துக்கும் பரவும்" என்றார். கம்ப்யூட்டரில் வைரஸ் என்றால் என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரியும். செடியில் வந்தால்?

படத்தைக் கொடுத்தால் நோயின் பெயரைச் சொல்லும் புரோகிராம்கள் இப்போது பல உள்ளன. செடியை மேலிருந்து மொபைல் போனில் ஒரு படம் எடுத்து, அப்படி ஒன்றில் போட்டேன். சில நொடிகளில் பதில் வந்தது: இலைச்சுருள் வைரஸ். இரண்டு பேர் சொல்லியும், பிஞ்சு விட்டிருந்த செடியைப் பிடுங்க மனம் வரவில்லை.

படத்தைப் பெரிதாக்கிப் பார்ப்போம் என்று கம்ப்யூட்டருக்கு மாற்றினேன். ஆண்ட்ராய்ட் போனை யூஎஸ்பி கேபிளால் இணைத்ததும், போன் திரையில் "பைல் டிரான்ஸ்பர்" என்பதைத் தேர்ந்தெடுக்கவும். இதைச் செய்யாவிட்டால் போன் சார்ஜ் மட்டுமே ஆகும். படம் எதுவும் தெரியாது. பிறகு "திஸ் பிசி" திறந்து, போனின் பெயர் மீது டபுள் கிளிக் செய்து, உள்ளே "டிசிஐஎம்" போல்டருக்குள் "கேமரா" போல்டரைத் திறக்கவும். வேண்டிய படத்தை "பிக்சர்ஸ்" போல்டருக்கு இழுத்து விடவும். படத்தைத் திறந்து, கண்ட்ரோல் கீயை அழுத்தியபடி மவுஸ் சக்கரத்தை உருட்டினால் படம் பெரிதாகும்.

பெரிதாக்கிப் பார்த்தால் சிரிப்புதான் வந்தது. தொட்டி, தரை, துணி காயும் கொடி எல்லாம் தெளிவாக இருந்தன. இலை மட்டும் மங்கல்.

பிளான்ட்வில்லேஜ் என்ற படத் தொகுப்பை வைத்து மொஹந்தி, ஹியூஸ், சலாத்தே ஆகியோர் 2016-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். 54,306 இலைப் படங்கள், 14 பயிர்கள், 26 நோய்கள். பயிற்சிக்குக் காட்டாமல் ஒதுக்கி வைத்திருந்த படங்களில் கம்ப்யூட்டர் 99.35 சதவீதம் சரியாகச் சொன்னது. வேறு சூழலில் எடுத்த படங்களைக் கொடுத்ததும் அது சுமார் 31 சதவீதமாக இறங்கிவிட்டது! அந்தத் தொகுப்பில் உள்ளவை தனி இலையைப் பறித்து, வெறும் தாள் மீது வைத்து எடுத்த படங்கள். நான் கொடுத்ததோ மொட்டை மாடியின் படம்.

எனவே ஒரு சுருண்ட இலையைப் பறித்து, வெள்ளைத் தாளில் வைத்து, நிழலில் இரு பக்கமும் படம் எடுத்தேன். கேமராவுக்கு முன்னால் 10 மடங்கு பெரிதாக்கும் லென்ஸைப் பிடித்து, இலையின் அடிப்பக்கத்தை மட்டும் இன்னொரு படம். இம்முறை திரையில் நரம்புகளை ஒட்டி வெளிறிய புள்ளிகள் தெரிந்தன. அடுத்தடுத்து எடுத்த இரண்டு படங்களில் அவை இடம் மாறியிருந்தன. உயிருள்ளவை! புரோகிராமும் பதிலை மாற்றிக்கொண்டது: சிலந்தி.

அதையும் அப்படியே நம்பவில்லை. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் அக்ரிடெக் தளத்தைத் தேடித் திறந்தேன். தமிழிலேயே படிக்கலாம். மிளகாய் இலை மேல்நோக்கிச் சுருண்டால் இலைப்பேன். கவிழ்த்த படகுபோலக் கீழ்நோக்கிச் சுருண்டு காம்பு நீண்டிருந்தால் முரணைச் சிலந்தி. என் இலைகள் கீழ்நோக்கித்தான் சுருண்டிருந்தன. வெள்ளைத் தாளின் மேல் கிளையைத் தட்டியும் பார்த்தேன். இலைப்பேன் எதுவும் விழவில்லை.

இந்த வித்தியாசம் காசு விஷயமும்கூட. சிலந்தி பூச்சி இனமே அல்ல. பல பூச்சி மருந்துகள் அதை ஒன்றும் செய்யாது. நனையும் கந்தகத் தூளைப் பாக்கெட்டில் சொல்லியிருந்த அளவில் கரைத்து, வெயில் தாழ்ந்த பிறகு இலையின் அடிப்பக்கம் படும்படி தெளித்தேன். கடும் வெயிலில் தெளித்தால் இலை கருகும்.

களைகளுக்கும் இதே முறைதான். பூவோடு படம் எடுத்தால் சரியான பெயர் கிடைக்க வாய்ப்பு அதிகம். ஆனால் வெறுங்கையால் பிடுங்கி வந்து படம் எடுக்காதீர்கள். பார்த்தீனியமாக இருந்தால் தோல் அரிக்கும்.

5 செடிகளில் புதுத் தளிர்கள் விரிந்து வந்தன. சுருண்ட பழைய இலைகள் அப்படியேதான் இருக்கின்றன. ஆறாவது செடியில் மட்டும் இலைகள் மேல்நோக்கிச் சுருண்டு, வெள்ளை ஈக்களும் இருந்தன. அது நிஜமாகவே வைரஸ். அதைப் பிடுங்கிவிட்டேன். பக்கத்து வீட்டுக்காரரிடமும் சொல்லிவிட்டேன்.