ஆமையின் மூச்சு

செங்கற்பட்டு மாவட்டம் ஏரிகள் மலிந்த நாடு. மதுராந்தகம் ஏரி, கொளவாய் ஏரி எனப் பெயர்பெற்றவை ஒருபுறமிருக்க, ஊர்தோறும் சிற்றேரிகளும் தாங்கல்களும் குளங்களும் உள்ளன. அம்மாவட்டத்தின் கீழ்த்திசையில் மாமல்லபுரத்தை ஒட்டி வங்கக்கடல் அலைவீசுகின்றது. ஏரியின் நன்னீரிலும் ஆமை உண்டு. கடலின் உவர்நீரிலும் ஆமை உண்டு. எனினும் ஆமை மீன் அன்று. அதற்குச் செவுள்கள் இல்லை. பாம்பையும் பல்லியையும் போல அதுவும் நுரையீரலால் மூச்சுவிடும் ஊர்வன இனத்தைச் சேர்ந்தது. நீரில் வாழ்ந்துகொண்டே காற்றை நாடவேண்டிய இந்நிலையை ஒவ்வோர் ஆமையும் எவ்வாறு சமாளிக்கின்றது என்பது அறியத்தக்கது.

நாம் மூச்சை உள்ளிழுக்கும்பொழுது விலா எலும்புகள் விரிந்து மார்பு அகலுகின்றது. ஆமைக்கு இது இயலாது. அதன் விலா எலும்புகளும் முதுகெலும்பும் மேலோட்டோடு ஒன்றிப்போயிருக்கின்றன. ஓட்டைச் சட்டைபோலக் கழற்றிவிட்டு ஆமை வெளியே வரும் என்று சிறுவர் சிலர் எண்ணுவதுண்டு. ஓடு அதன் எலும்புக்கூட்டின் ஒரு பகுதியே. அதைக் கழற்றினால் ஆமை ஏது? ஓட்டினுள் அமைந்த தசைகள் உள்ளுறுப்புகளை அழுத்தியும் தளர்த்தியும் நுரையீரலைச் சுருக்கி விரிக்கின்றன. மார்பு அசையாமலேயே ஆமை மூச்சுவிடுகின்றது.

நம் ஏரிகளில் வாழும் ஆமைகளுள் பாலாமை குறிப்பிடத்தக்கது. முழுவளர்ச்சியுற்றதன் ஓடு ஏறத்தாழ ஒரு சாண் நீளம் அல்லது சற்று மிகுதியாக இருக்கும். பிற ஆமைகளைப்போல் அதன் ஓட்டின்மேல் கடினமான செதில்கள் இல்லை. மெல்லிய தோலே போர்த்தியுள்ளது. மூக்கு குழல்போல நீண்டிருப்பதால், உடல் முழுவதும் நீருள் மறைந்திருக்க, மூக்கின் நுனியை மட்டும் நீட்டிக் காற்றை இழுத்துக்கொள்ள அதனால் இயலும். அடியோட்டின் பின்புறத்தில் தோல் மடிப்புகள் இரண்டு உள்ளன. பகை நெருங்கினால் தலையையும் கால்களையும் உள்ளிழுத்துக்கொண்டு, பின்னங்கால்களின்மேல் அம்மடிப்புகளைக் கதவுபோல் சாத்திக்கொள்ளும். ஐம்பொறி அடக்கத்துக்கு ஆமையை உவமை காட்டினார் திருவள்ளுவர். பாலாமையைக் கண்டவர்க்கு அவ்வுவமையின் அழகு நன்கு விளங்கும்.

நத்தை, தவளை, மீன், செத்த உயிர்களின் உடல், நீர்ப்பூண்டு ஆகிய யாவும் பாலாமைக்கு உணவாகும். அழுகும் உடல்களைத் தின்பதால் ஏரிநீரைத் தூய்மை செய்யும் தொண்டும் அதனால் நிகழ்கின்றது. ‘ஆமை புகுந்த வீடு உருப்படாது’ என்று நம்மவர் பழித்துவிட்டனர். ஏரிக்கேனும் அப்பழமொழி பொருந்தாது.

வடகிழக்குப் பருவமழையில் நிரம்பும் ஏரிகளுள் பல, சித்திரை வைகாசியில் வறண்டு வெடித்துவிடும். அப்பொழுது பாலாமை வேறு நீர்நிலையைத் தேடித் தரைமேல் நடந்து செல்லும். இன்றேல் ஏரியடிச் சேற்றில் தன்னைப் புதைத்துக்கொள்ளும். புதைந்திருக்கும் காலத்தில் இரை கொள்வதில்லை. உடலின் செயல்கள் யாவும் குன்றிவிடுகின்றன. அதனால் உயிர்வளியின் தேவையும் குறைகின்றது. பாலாமை மெல்லோட்டு ஆமைக் குடும்பத்தைச் சேர்ந்தது. நீருள் மூழ்கியிருக்கும்பொழுது தோல்வழியாகவும் தொண்டையின் உட்சவ்வு வழியாகவும் நீரில் கலந்துள்ள உயிர்வளியை ஓரளவு பெறும் ஆற்றல் அக்குடும்பத்துக்கு உண்டு. மழை பெய்து மண் நெகிழ்ந்ததும் பாலாமை மீண்டும் வெளிவருகின்றது. கோடையில் ஏரியைப் பொறிகொண்டு தூர்வாருவோர், அள்ளும் மண்ணுள் ஓர் உயிர் உறங்கக்கூடும் என்பதை நினைப்பது அரிதே.

இவ்வாற்றலில் இதனை ஒத்த ஆமை ஒன்று வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதியிலுள்ள குளங்களிலும் ஓடைகளிலும் வாழ்கின்றது. அதற்குக் கத்தூரி ஆமை என்று பெயர். பெயரைக் கேட்டு நறுமணத்தை எதிர்பார்ப்பவர் ஏமாறுவர். பகைவர் தீண்டினால் ஓட்டின் விளிம்பை அடுத்த சுரப்பிகளிலிருந்து முடைநாற்றமுள்ள நீரைக் கசியவிடும். நம் உள்ளங்கையில் அடங்கிவிடக்கூடிய இச்சிற்றாமை நீந்துவதைக் காட்டிலும் குளத்தின் அடியில் நடந்து திரிவதையே விரும்புகின்றது. குளிர்காலத்தில் நீரின்மேல் பனிக்கட்டி மூடினாலும் பல நாட்கள் மேலே வராமல் உயிர்வாழும். இதன் நாவில் நிறைந்துள்ள சிறுசிறு முகைகளே நீரிலிருந்து உயிர்வளியை ஈர்க்கின்றன என்று வியன்னா நகரத்து அறிஞர்கள் 2010ஆம் ஆண்டில் விளக்கினர். மற்ற உயிர்களுக்குச் சுவையறியப் பயன்படும் நா இதற்கு மூச்சுறுப்பாகவும் உதவுகின்றது!

இனி மாமல்லபுரக் கடற்கரைக்கு வருவோம். வடநெம்மேலியில் 1976ஆம் ஆண்டில் ராமுலஸ் விட்டேக்கர் நிறுவிய முதலைப் பண்ணையில் பலவகை நன்னீர் ஆமைகளைக் காணலாம். அதற்கு அப்பாலுள்ள மணற்பரப்பில் தை முதல் பங்குனி வரையிலான இரவுகளில் பங்குனி ஆமைகள் முட்டையிட வருகின்றன. துடுப்புப்போன்ற கால்களால் மணலைத் தோண்டி, ஏறத்தாழ நூறு முட்டைகளை இட்டு மூடிவிட்டுத் தாய் கடலுக்குத் திரும்பிவிடும். ஏறக்குறைய 50 நாட்களில் குஞ்சுகள் வெளிப்படும். மணலின் வெப்பம் மிகுந்தால் பெண்குஞ்சுகளும், குறைந்தால் ஆண்குஞ்சுகளும் மிகுதியாகப் பிறக்கும். சென்னைக் கரையில் 1988 முதல் மாணவர்கள் இரவுதோறும் நடந்து முட்டைகளைத் திரட்டிப் பாதுகாத்து வருகின்றனர்.

கடலாமை தலையையும் துடுப்புகளையும் ஓட்டுக்குள் இழுத்துக்கொள்ள இயலாது. பாலாமையின் தொண்டையோ கத்தூரி ஆமையின் நாவோ செய்யும் உதவியும் அதற்கில்லை. அது நுரையீரலையே நம்பி வாழ்கின்றது. அமைதியாக இருக்கையில் நெடுநேரம் மூழ்கியிருக்கும். ஆனால் இழுவலையில் அகப்பட்டு அஞ்சித் துடிக்கும்பொழுது, உடலில் சேர்த்துவைத்த உயிர்வளி விரைவில் தீர்ந்துவிடுகின்றது. மேலே வரவும் வழியில்லை. கடலிலேயே வாழும் ஆமை கடலிலேயே மூச்சுமுட்டி இறக்கின்றது. 2025ஆம் ஆண்டு சனவரியில் சென்னை, செங்கற்பட்டு மாவட்டக் கரைகளில் பங்குனி ஆமைகள் நூற்றுக்கணக்கில் இறந்து ஒதுங்கின. இழுவலையில் சிக்கியமையே அதற்குப் பெருங்காரணமாகக் கூறப்பட்டது.

1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் பாலாமையையும் பங்குனி ஆமையையும் காக்கின்றது. அவற்றைப் பிடிப்பதும் விற்பதும் குற்றமாகும். கீழைக்கடலில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலமும் உண்டு. ஆனால் அது ஏப்ரல் 15ஆம் நாள் தொடங்குகின்றது. ஆமைகள் கரையை நாடும் மாதங்கள் அதற்கு முன்பே பெரும்பாலும் கழிந்துவிடுகின்றன. மீன்வளம் பெருகுவதற்கென வகுக்கப்பட்ட காலம் அது; ஆமையை எண்ணி வகுத்ததன்று.

வலையிலேயே செய்யத்தக்க மாற்றம் ஒன்று உண்டு. இழுவலையின் கழுத்துப்பகுதியில் கம்பித்தட்டி ஒன்றைச் சாய்வாகப் பொருத்துவர். இறாலும் சிறுமீனும் கம்பிகளின் இடைவெளி வழியே உட்செல்லும். ஆமை தட்டியில் மோதிச் சறுக்கி, அதனருகேயுள்ள திறப்பின் வழியே வெளியேறிவிடும். நம் நாட்டு வலைகளுக்கேற்ற தட்டியைக் கொச்சியிலுள்ள மத்திய மீன்பிடித் தொழில்நுட்ப நிறுவனத்தார் உருவாக்கியுள்ளனர். அத்திறப்பின் வழியே மீனும் ஓரளவு தப்பிவிடுகிறதே என்பது மீனவர்களின் மனக்குறை. அன்றாடப் பிழைப்பைக் கடலில் தேடுவோர் அவ்வாறு கணக்கிடுவதில் வியப்பில்லை. அவ்விழப்பு சிறியதே என்று கரையிலிருப்போர் சொன்னால் போதாது. படகில் உடன்சென்று, வலையை ஏற்றி, இருவரும் சேர்ந்து எடைபோட்டுப் பார்க்கவேண்டும்.