கூறையும் உறுதியும்: யாழ்ப்பாணத்துக் கலியாணம் கண்ட மாற்றங்கள்

"வீட்டைக் கட்டிப் பார், கலியாணத்தைச் செய்து பார்" என்பது தமிழ் வழங்கும் இடமெங்கும் வழங்கும் பழமொழி. பிற இடங்களில் அது இரு பெருஞ் சுமைகளைக் குறிக்கும். யாழ்ப்பாணத்திலோ அவ்விரண்டும் பெரும்பாலும் ஒரே சுமை. பெண்ணுக்கென ஒரு வீடு எழும்பினாற்றான் கலியாணப் பேச்சுக்கால் சூடு பிடிக்கும். கிணறு வெட்டி, நிலை வைத்து, கூரை போட்ட பின்னரே தரகர் உற்சாகத்தோடு படலையைத் திறப்பார். இந்த ஒரு செய்தியை மனத்திற் கொண்டு நோக்கின், எம்மவர் கலியாணத்தில் மாறியது யாது, மாறாதது யாது, பெயர் மட்டும் நிற்கப் பொருள் மாறியது யாது என்பன ஓரளவு புலனாகும்.

முன்னைய முறை எது?

கலியாண வீடுகளிலே முதியோர் கூறும் குறை ஒன்று உண்டு. "முன்னைய முறையெல்லாம் போய்விட்டது" என்பதே அது. ஆயின் முன்னைய முறை என்பது எந்தக் காலத்து முறை? அகநானூற்றின் 86 ஆம், 136 ஆம் பாட்டுகள் இரண்டு பழந்தமிழ்த் திருமணங்களை எம் கண்முன் நிறுத்துகின்றன. பந்தரிலே மணல் பரப்பப்படுகிறது, விளக்கேற்றப்படுகிறது, திங்கள் உரோகிணியோடு கூடிய நன்னாள் தேரப்படுகிறது. புதல்வரைப் பெற்ற மகளிர் நால்வர் பூவும் நெல்லும் இட்ட நீரைச் சொரிந்து மணமகளை வாழ்த்துகின்றனர். மற்றைய பாட்டிலே வாகையிலையோடும் அறுகோடும் சேர்த்து வெண்ணூல் சூட்டப்படுகிறது. அவ்விருந்தில் இடம்பெற்ற சோற்றை இறைச்சியோடு ஆக்கிய நெய்ச்சோறு என்று உரைகாரர் கொள்வர். தீ வலம் வருதல் இல்லை, மந்திரம் இல்லை, புரோகிதர் இல்லை, சீதனப் பேச்சும் இல்லை. சிலப்பதிகாரத்துக்கு வரும்போது, கோவலனும் கண்ணகியும் முதிய பார்ப்பான் முறை காட்டத் தீ வலம் வருகின்றனர்.

எனவே, மரபு என்று நாம் போற்றுவதும் ஒரு காலத்திலே புதுமையாக வந்து புகுந்ததே. மாற்றத்தைக் கண்டு மருளவேண்டுவதில்லை. எது மாறிற்று, யாருக்காக மாறிற்று என்று கேட்பதே அறிவுடைமை.

இரவுக் கலியாணம்

எம் பாட்டன், பாட்டி காலத்திலே யாழ்ப்பாணத்துக் கலியாணம் பெரும்பாலும் இரவிலே நடந்தது. முதலிலே பொன்னுருக்கு. நல்ல நாளில் மணமகன் வீட்டிலே, தாலிக்கான பொன் யாவரும் காண உருக்கப்படும். அன்றே கன்னிக்காலாக முருக்கந்தடி நாட்டப்படும். அதன்பின் தாலிகட்டு வரையில் மணமக்கள் ஒருவரையொருவர் காணலாகாது என்பது விதி.

அதற்குமுன்னரே ஊர் கூடிவிடும். ஆடவர் கிடுகு கொண்டு பந்தர் வேய்வர். வாழையும் கமுகும் கட்டித் தோரணம் தொங்கவிடுவர். பெண்கள் பலகாரச் சூட்டுக்கு வந்து சேர்வர். அரியதரம், பயற்றம் பணியாரம், முறுக்கு என்று தாச்சி ஓயாது. பலகாரச் சூடு வெறுஞ் சமையல் அன்று. அயலார் கோபங்கள் தீர்வதும், புதிய சம்பந்தங்கள் முளைப்பதும் அந்த அடுப்படியிலேதான்.

கலியாணத்தன்று பாலும் அறுகும் காசும் தலையில் வைத்து முழுக்காட்டுவர். சங்கச் செய்யுளிற் கண்ட அறுகு இங்கே இன்னும் பசுமை மாறாது நிற்பது எண்ணத்தக்கது. தலைப்பாகை தரித்த மாப்பிள்ளை மேளத்தோடு ஊர்வலமாக வருவார். பெண்வீட்டுப் படலையிலே ஆலாத்தி எடுக்கப்படும். மணமகளின் சகோதரன் தோழனாக நின்று அவர் காலைக் கழுவ, அவர் அவனுக்கு மோதிரம் அணிவிப்பார். கூறைச்சேலை தட்டிலே வைக்கப்பட்டுச் சபையோரின் ஆசி பெற்று வரும். மணமகள் அதனை உடுத்து மீண்டதும் தாலிகட்டு. பின்னர் இருவரும் கூடி உண்ணும் பூதாக்கலம். நாலாஞ் சடங்கோடுதான் மீண்டும் மச்சம் அடுப்பேறும்.

இவ்வழகிய காட்சிக்கு ஓர் இருண்ட பக்கமும் இருந்தது. வெள்ளை கட்டியவரும் மேளம் அடித்தவரும் பிற தொழில் செய்தவரும் குடிமைக் கடமை என்ற பெயரால் அழைக்கப்பட்டனர். அவர்கள் உழைப்பின்றிக் கலியாணம் இல்லை. அவர்களுக்குப் பந்தியிலே இடமும் இல்லை. "முன்னைய முறை"க்காக ஏங்குவோர் இதனையும் சேர்த்தே நினைத்தல் வேண்டும்.

மாப்பிள்ளையின் சம்பளம்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதி தொடக்கம் ஆங்கிலம் கற்ற யாழ்ப்பாணத்து இளைஞர் மலாயாவுக்குக் கப்பலேறினர். புகையிரதப் பகுதியிலும் நில அளவைப் பகுதியிலும் ஏனைய அரசாங்கக் கந்தோர்களிலும் அமர்ந்தனர். அவர்கள் அனுப்பிய காசுக்கட்டளைகள் ஊரிலே கல்வீடுகளாக எழுந்தன. "மலாயா மாப்பிள்ளை" என்ற சொல்லுக்கே ஒரு விலை ஏற்பட்டது. அக்காலத்துப் புகைப்படங்களிலே மணமகன் வேட்டியின்மேல் கோட்டு அணிந்து, தலைப்பாகையும் சப்பாத்துமாக விறைத்து நிற்பதைக் காணலாம். தலையில் மரபு, தோளில் கந்தோர்! மணமகளின் உடையும் மாறிற்று. கொய்யகம் வைத்து உடுத்த முறை மெல்ல ஒதுங்க, இந்தியப் பட்டுச் சேலையும் புதிய கட்டும் வந்தன.

பின்னர்க் கொழும்பு உத்தியோகம் மேலோங்கிற்று. 1930 இல் வீரகேசரியும் 1932 இல் தினகரனும் தோன்றின. நாளடைவிற் பத்திரிகை விளம்பரமும் ஒரு தரகராயிற்று. 1956 இல் யாழ்தேவி ஓடத் தொடங்கிற்று. கணவன் கொழும்பிலே, மனைவி சீதன வீட்டிலே, இருவரையும் இணைப்பது புகையிரதம் என்ற ஒரு புதுவகை இல்லறம் பரவலாயிற்று. எஸ். பொன்னுத்துரை தமது 'சடங்கு' நாவலில் இத்தகைய எழுதுவினைஞன் ஒருவன் ஊர் வந்து மீளும் சில நாட்களையே பொருளாகக் கொண்டார். மணச்சடங்கின் ஆரவாரம் அடங்கியபின் எஞ்சும் வாழ்வு எத்தகையது என்று வினவிய நூல் அது. அவருக்கு நெடுங்காலம் முன்னரே, 1914 இல், மங்களநாயகம் தம்பையா 'நொறுங்குண்ட இருதயம்' என்ற நாவலிலே மணவாழ்வில் ஒரு பெண் அடையும் துயரை எழுதினார். நாதஸ்வர ஓசை கேளாத இடத்திலும் கலியாணத்தின் கதை உண்டென்பதை எம் எழுத்தாளர் அறிந்திருந்தனர்.

சீதனம் என்னும் சொல்

இனி, இக்கட்டுரையின் உயிர்நிலைக்கு வருவோம். சீதனம் என்பது ஸ்திரீதனம் என்ற வடசொல்லின் திரிபு. பெண்ணின் பொருள் என்பதே அதன் கருத்து. ஒல்லாந்தர் காலத்திலே, 1707 இல், யாழ்ப்பாணத்துத் திசாவையாக இருந்த கிளாஸ் ஐசாக்ஸ் என்பவர் ஊர் வழக்கங்களைத் தொகுத்தார். பன்னிரு முதலிமார் அதனைப் பார்வையிட்டு ஒப்புக்கொண்டனர். தேசவழமை எனப்படும் இத்தொகுப்பை ஆங்கிலேயர் 1806 இல் சட்டமாக ஏற்றனர். அதன் பழைய அமைப்பிலே தந்தைவழி முதுசம் ஆண்மக்களுக்கும், தாயின் சீதனம் பெண்மக்களுக்கும் சென்றன. மணவாழ்விலே ஈட்டியது தேடியதேட்டம். சீதனம் பெற்று மணந்த மகள், பின்னர்ப் பெற்றோரின் சொத்திலே பங்கு கேட்கலாகாது. அஃதாவது, சீதனம் என்பது மாப்பிள்ளைக்கு அளித்த விலை அன்று. மகளுக்கு முன்கூட்டியே பிரித்துக் கொடுத்த அவளுடைய பங்கு.

இவ்வழக்கம் எத்துணை ஆழமாக வேரூன்றியிருந்தது என்பதற்கு ஒரு சான்று போதும். 1824 இல் அமெரிக்க மிஷனரிமார் உடுவிலிலே பெண்களுக்கு விடுதிப் பாடசாலை நிறுவினர். கற்று முடித்துக் கிறிஸ்தவரை மணந்த மாணவியருக்கு மிஷனே சீதனம் கொடுக்க நேர்ந்தது! சமயத்தை மாற்ற வந்தவர்களும் சீதனத்தை மாற்ற இயலாதவராயினர். தாலியையும் அவர்களாற் போக்க முடியவில்லை. பிள்ளையார் தாலியும் அம்மன் தாலியும் இருந்த ஊரிலே, கிறிஸ்தவ மணமகளின் கழுத்திலே புறாத் தாலியும் வேதப்புத்தகத் தாலியும் ஏறின.

ஆயினும் காலப்போக்கில் இரண்டு கேடுகள் நேர்ந்தன. முதலாவது, காணி. பதினாறு பரப்புக் கொண்ட ஓர் ஏக்கர் தலைமுறைதோறும் பிரிபட்டுச் சில பரப்பாகச் சுருங்கிற்று. காணி குறைந்தபோது காசு கேட்கப்பட்டது. இரண்டாவது, இனாம், நன்கொடை என்ற பெயர்களால் மாப்பிள்ளையின் பெற்றோர் கைக்குச் சென்ற பணம். அப்பணத்தைக் கொண்டே அவர்கள் தம் மகளைக் கரையேற்றினர். அம்மகளின் மாமனார் அதனைப் பெற்றுத் தம் மகளுக்குக் கொடுத்தார். வீடு வீடாகச் சுற்றிய அப்பணம் எந்த மணமகளின் கையிலும் ஓரிரவேனும் தங்கியதில்லை. பெண்ணின் பொருள் என்ற பெயர் நின்றது. பெண் அப்பொருளுக்கு அயலாளானாள்.

நொத்தாரிசின் உறுதியிலே அவள் பெயர் எழுதப்பட்டபோதும் உரிமை நிறைவானதன்று. 1911 ஆம் ஆண்டின் சட்டப்படி, தேசவழமைக்கு உட்பட்ட மனைவி தன் அசையும் பொருளைத் தன் விருப்பப்படி கொடுக்கலாம். தன் சொந்தக் காணியை விற்கவோ, கணவனின் எழுத்து மூலமான சம்மதம் வேண்டும்.

இதன் பாரம் பெண்ணின் தலையில் மட்டும் விழவில்லை. தங்கையர் மூவரைக் கரைசேர்த்த பின்னரே தன் மணத்தை நினைக்கலாம் என்று நரைத்த தமையன்மாரை எம் ஊர்கள் நன்கறியும். அத்தமையனும் இறுதியில் மாப்பிள்ளையாகும்போது, தான் இழந்ததை ஈடுசெய்யும் தொகையைத் தன் வீட்டார் கேட்க மௌனமாயிருந்தான். கொடுமைக்கு ஆளானவனே அதன் காவலனாகவும் நின்றமை இவ்வழக்கத்தின் சூழ்ச்சி.

இடம்பெயர்ந்த கலியாணம்

1983 க்குப் பின் மாப்பிள்ளையின் ஊர் மீண்டும் மாறிற்று. மலாயா இருந்த இடத்திலே கனடாவும் இலண்டனும் பாரிசும் சுவிற்சர்லாந்தும் வந்தன. அகதியாய்ப் போனவர் தாயகம் திரும்ப இயலாமையால், மணமகள் சென்னைக்கோ சிங்கப்பூருக்கோ பயணப்பட்டாள். புகைப்படத்திற் கண்ட முகத்தை விமான நிலையத்திலே தேடிக் கண்டாள். ஊரார் கூடிப் பந்தரிட்ட கலியாணம், வாடகை மண்டபத்திலே ஒரு கையளவு உறவினர் முன்னிலையில் முடிந்தது.

ஊரிலே இருந்தோர் கலியாணமோ வேறு. ஊரடங்குச் சட்டம் இரவுக் கலியாணத்தை முற்றாக ஒழித்தது. 1990 இல் மின்சாரமும் புகையிரதமும் நின்றன. யாழ்ப்பாணம் ஜாம் போத்தல் விளக்கில் வாழ்ந்த அவ்வாண்டுகளிலே மாப்பிள்ளை சைக்கிளில் வந்தார். ஆடம்பரம் இன்றியும் கலியாணம் நடக்கும் என்பதைக் காலம் வலிந்து கற்பித்தது. 1995 ஒக்டோபரிலே ஊரோடு ஊர் பெயர்ந்தபோது, கன்னிக்கால் நட்ட முற்றங்களை விட்டுச் சனம் நடந்தது. போரின் கடைசி ஆண்டுகளில் வன்னியிலே, கட்டாய ஆட்சேர்ப்புக்கு அஞ்சிய பெற்றோர் சிறுவயதினருக்கே அவசர மணம் செய்துவைத்தனர். திருமண வயது பதினெட்டு என்று 1995 இல் சட்டம் விதித்திருந்தும், அச்சம் சட்டத்தை முந்திக்கொண்டது.

இன்றைய மண்டபம்

இன்று நிலைமை மாறிவிட்டது. 2014 இல் யாழ்தேவி மீண்டும் யாழ்ப்பாணம் வந்தது. புலம்பெயர்ந்தோர் ஊரிலே வந்து கலியாணம் செய்கின்றனர். பந்தர் போய் மண்டபம் வந்தது. பலகாரச் சூடு போய்க் கடைப் பலகாரம் வந்தது. வானிலே ஒரு சிறு பொறி பறந்து படம் பிடிக்கிறது. அக்கினி வளர்த்த ஐயர் சற்று நிறுத்தி, படப்பிடிப்பாளர் விரும்பும் திசையிலே மணமக்கள் திரும்பும்வரை காத்திருக்கிறார். சபையோருக்கு மணவறை தெரிவதில்லை. படம் பிடிப்போரின் முதுகே தெரிகிறது. தாலிகட்டு முடிந்ததும் கேக்கு வெட்டப்படுகிறது. இவற்றைக் கண்டு சிரிக்கலாம், சினந்து பயனில்லை. மலாயாக் கோட்டும் ஒரு நாள் இவ்வாறே சிரிக்கப்பட்டிருக்கும்.

சினக்க வேண்டிய இடம் வேறு. அந்த மண்டபத்திலே தூணோரம் ஒதுங்கி நிற்கும் ஒரு தாயைப் பாருங்கள். போரிலே கணவனை இழந்தவள்; தனித்து உழைத்து மகளை வளர்த்தவள்; வீடு கட்டியவள். கைம்பெண் மங்கல வினைக்கு முன்நிற்கலாகாது என்பதற்காக, மகளைத் தாரை வார்க்கும் இடத்திலே யாரோ ஒரு சிற்றப்பனும் சின்னம்மாவும் நிற்கின்றனர். மேளம், உடை, உணவு, நேரம், இடம் யாவற்றையும் மாற்றத் துணிந்த நாம், இவ்வொன்றை மட்டும் சாத்திரம் என்று சொல்லி விட்டுவைத்தோம்.

மாற்ற எளிதானவற்றை மாற்றினோம், மாற்றவேண்டியவற்றை மாற்றவில்லை. காக்கவேண்டியதாகிய பெண்ணின் சொத்துரிமையை, அதன் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு நழுவவிட்டோம். ஆசிரியரும் மாணவரும் இதனை வகுப்பிலே பேசவேண்டும். தம் வீட்டிலும் பேசவேண்டும். அடுத்த கலியாண அழைப்பிதழ் கைக்கு வரும்போது, கூறை என்ன விலை என்று கேட்குமுன் இரண்டு வினாக்களைக் கேட்போமாக: உறுதி யார் பெயரில் எழுதப்பட்டது? மணவறை அருகே பெண்ணின் தாய்க்கு இடம் உண்டா?