யதிராஜவல்லி: ஓர் ஊரின் பெண்பெயர் ஏன் அருகியது?

ஸ்ரீபெரும்புதூர் ஆதிகேசவப் பெருமாள் கோயில் தாயாரின் பெயர் யதிராஜநாதவல்லி. 1017இல் அவ்வூரில் பிறந்த ராமானுஜருக்கு யதிராஜர் என்ற பட்டமும் உண்டு. பக்தனின் பெயரைத் தாயாரே சூடிக்கொண்டது இக்கோயிலின் தனிச்சிறப்பு. அந்த வழியில் வந்த பெயர்தான் யதிராஜவல்லி. பேச்சு வழக்கில் எத்திராஜவல்லி, எத்திராஜம்மாள். ஆண்களில் எத்திராஜ், எத்திராஜுலு. 1948இல் சென்னையில் பெண்கள் கல்லூரி தொடங்கிய பாரிஸ்டர் வி.எல்.எத்திராஜின் பெயரும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததே.

ஒரு காலத்தில் பெயரே ஊரைச் சொல்லிவிடும். பெருந்தேவி என்றால் காஞ்சிபுரம், கனகவல்லி என்றால் திருவள்ளூர், வேதவல்லி என்றால் திருவல்லிக்கேணி. பெண் எங்கே வாழ்க்கைப்பட்டுப் போனாலும் பிறந்த ஊர்த் தாயார் பெயரில் கூடவே போவாள். பேத்திக்குப் பாட்டி பெயரை வைக்கும் வழக்கம் இருந்தவரை இந்தப் பெயர்கள் தலைமுறை தாண்டி வந்துகொண்டிருந்தன.

அந்தச் சங்கிலி அறுந்ததற்குக் காரணம் ஒன்றல்ல. ஸ்ரீபெரும்புதூரிலிருந்து போகும் ஒரகடம் சாலையின் மறுகோடிக்கு அருகே உள்ள மறைமலை நகர், வேதாசலம் என்ற தன் பெயரையே தமிழாக்கிக்கொண்ட மறைமலை அடிகளின் பெயரைத் தாங்கிய ஊர். அவர் 1916இல் தொடங்கிய தனித்தமிழ் இயக்கமும் பின்வந்த திராவிட அரசியலும் கயல்விழி, மலர்விழி, தமிழ்ச்செல்வி என ஒரு புதிய வரிசையைத் தந்தன. அடுத்துத் திரைப்படம் வந்தது, தொலைக்காட்சி வந்தது. நட்சத்திர எழுத்தும் எண்கணிதமும் பாட்டியின் இடத்தைப் பிடித்தன.

தொழிற்சாலைகளுக்கும் இதில் பங்குண்டு என்பது என் கணிப்பு. 1998இல் ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார்கள் வெளிவரத் தொடங்கின. பிறகு சுங்குவார்சத்திரம், ஒரகடம் வரை ஆலைகள் பரவின. பல மாவட்டங்களிலிருந்து பெண்கள் வேலைக்கு வந்து விடுதிகளில் தங்கினார்கள். இங்கே அடையாள அட்டை, ஆதார், பி.எஃப். கணக்கு எல்லாவற்றிலும் பெயர் ஒரே மாதிரி இருந்தாக வேண்டும். யதிராஜவல்லியை ஆங்கிலத்தில் நான்கைந்து விதமாக எழுதலாம். எழுத்துப் பிழையைத் திருத்த அலுவலகம் அலுவலகமாக அலைந்த ஒரு தாய், மகளுக்குச் சின்னப் பெயராகத் தேடுவதில் வியப்பில்லை. அவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை.

அமெரிக்காவில் எந்த ஆண்டு எந்தப் பெயர் முன்னணியில் இருந்தது என்று அரசே பட்டியலிடுகிறது. 1947இல் மேரியை லிண்டா முந்தியது அப்படித்தான் தெரியவந்தது. நம்மிடம் அப்படி ஒரு பட்டியல் வெளியாவதில்லை. ஆனால் வாக்காளர் பட்டியலில் பெயரும் வயதும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. உங்கள் தெருவின் பாகத்தை எடுத்து, எழுபதைத் தாண்டிய பெண்களின் பெயர்களையும் இருபது வயதுப் பெண்களின் பெயர்களையும் சேர்த்துப் படித்துப் பாருங்கள்.

2023 அக்டோபர் 1 முதல் பிறந்த குழந்தைகளுக்குப் பள்ளிச் சேர்க்கை முதலான பலவற்றில் பிறந்த தேதிக்கும் இடத்துக்கும் பிறப்புச் சான்றிதழே ஆதாரம். அதில் ஏறும் பெயரை அவசரத்தில் முடிவு செய்ய வேண்டியதில்லை. பிறப்பை 21 நாளுக்குள் பதிந்துவிட்டு, பெயரை 12 மாதத்துக்குள் கட்டணமில்லாமல் சேர்க்கலாம். அந்த ஓராண்டுக்குள் வீட்டில் மூத்த பெண்களிடம் அவர்களுடைய தாயின் பெயரையும் பாட்டியின் பெயரையும் கேட்டு எழுதி வையுங்கள். பிறகு உங்கள் மகளுக்குப் பிடித்த பெயரை வையுங்கள்.